எழுபது மீட்டர் மிச்சம்

போஷேனாவிடம் யாராவது "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டால், "கோடு போடுறேன்" என்பாள். கேட்டவர்கள் ஏதோ பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். அவளும் திருத்த மாட்டாள். வார்சா நகரத்துக்கு அடியில், இருபது மீட்டர் ஆழத்தில், ஈர மணலுக்குள் முட்டி முட்டிப் போகிற மெட்ரோ சுரங்கம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்கிறவள் தான்தான் என்று ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருந்தால் ஒரு டிராமைக்கூடப் பிடிக்க முடியாது.

டிராம் என்றதும் சொல்லிவிடுகிறேன். காலை எட்டு மணிக்கு வோலா பக்கம் போகிற டிராமில் ஏறிப் பார்த்தவர்களுக்குத்தான் மெட்ரோவின் அருமை தெரியும். கண்ணாடிக் கோபுரங்கள் மழைக்காலக் காளான் மாதிரி முளைத்துக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டாயிரம் பேர், மூவாயிரம் பேர். வங்கிக்காரர்கள், கணினிக்காரர்கள், அவர்களுக்குக் காப்பி போடுகிறவர்கள், அவர்கள் மிதித்த தரையைத் துடைக்கிறவர்கள் என்று அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வந்து இறங்க வேண்டும். தரைக்கு மேலே இடம் தீர்ந்து வெகு காலம் ஆகிவிட்டது. இந்த ஊர் கீழே இறங்கியது ஆடம்பரத்துக்காக இல்லை, வேறு வழி இல்லாமல்தான். அப்படி இறங்கினபோது எவ்வளவு அழகாக இறங்கியது என்பதில்தான் இந்த ஊர்க்காரர்களுக்கு உள்ளூரப் பெருமை. வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். குறை மட்டும் சொல்வார்கள்.

போஷேனா ராடோம் ஊர்க்காரி. அப்பா செருப்புத் தொழிற்சாலையில் தோல் வெட்டுகிறவர். பத்தொன்பது வயதில் நில அளவை படிக்க வார்சாவுக்கு வந்தவள் திரும்பிப் போகவே இல்லை. முதலில் நெடுஞ்சாலைகள், பிறகு இரண்டு பாலங்கள், பிறகு விமான நிலையத்துக்குப் போகிற ரயில் பாதை. எங்கே போனாலும் ஒரு கம்பத்தை நட்டு அதன் மேல் கருவியை வைத்து, ஒரு கண்ணை மூடி இன்னொரு கண்ணால் தூரத்தைப் பார்ப்பாள். அந்தப் பழக்கம் வீட்டிலும் போகாது. விருந்துக்குப் போன வீட்டில் சுவர்ப் படம் அரை விரல் சாய்ந்திருந்தால் அவளுக்குச் சூப் இறங்காது. எழுந்து போய் நேராக்கிவிட்டு வந்துதான் கரண்டியைத் தொடுவாள்.

புருஷன் விட்டோல்டு அந்தக் கோபுரங்களில் லிப்டு பழுது பார்க்கிறவன். "நான் மேலயும் கீழயும் போறேன், இவ பக்கவாட்டுல போறா. எப்படியோ சாயங்காலம் ஒரே சமையலறையில வந்து நிக்கிறோம், அதுவே பெரிய விஷயம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். இருபத்தாறு வருடமாக அதே நகைச்சுவை. அவளும் இருபத்தாறு வருடமாகச் சிரிக்கிறாள், பாவம்.

அவள் முதன்முதலில் சுரங்கத்துக்குள் இறங்கியபோது முப்பத்தேழு வயது. தோண்டுகிற ஆட்கள் எல்லாரும் சைலீசியா பக்கத்து நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வந்தவர்கள். கீழே இறங்கினால் அவர்களுக்கு வணக்கம் கிடையாது, "கடவுள் துணை" என்பார்கள். பெண் பிள்ளை கீழே வந்தால் கூரை இடியும் என்று அவர்கள் பாட்டன் காலத்து நம்பிக்கை. போஷேனா தலைக்கவசமும் ரப்பர் பூட்சுமாகப் போய் நின்றதும் ஒருத்தன்கூட நகரவில்லை. அலோய்ஸ் என்று ஒருவன், அகன்ற தோள், செம்பட்டை மீசை, அவன்தான் எல்லாருக்கும் முன்னால் நின்று வாயைத் திறந்தான்.

"தப்பா நினைக்காதீங்க இன்ஜினியரம்மா. உங்க மேல எங்களுக்கு ஒரு கோவமும் இல்ல. ஆனா பொம்பளை கீழ இறங்கினா நாங்க இறங்க மாட்டோம். அதுதான் வழக்கம்."

போஷேனா அவனுக்குப் பின்னால் நின்ற எந்திரத்தைப் பார்த்தாள். தொண்ணூறு மீட்டர் நீளம், முகத்தில் வட்டமாகப் பற்கள். சுரங்கம் தோண்டுகிற எந்திரத்துக்குப் பெண் பெயர்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதைத் தொட மாட்டோம் என்பதும் அவர்கள் வழக்கம்தான். பக்கவாட்டில் ஓராள் உயர எழுத்தில் 'பெலாஜியா' என்று எழுதி, போதாக்குறைக்குப் பூவும் வரைந்திருந்தார்கள்.

"இவ யாரு?" என்று கேட்டாள்.

"மெஷினு."

"பேரு?"

அலோய்ஸ் மென்று விழுங்கினான். "பெலாஜியா."

"நானூறு டன் எடையில ஒரு பொம்பளையக் கீழ இறக்கி வச்சிருக்கீங்க. என் எடை அறுபத்திரண்டு கிலோ. முதல்ல அவள வெளிய அனுப்புங்க, பின்னாலயே நானும் கிளம்பிடறேன்."

பின்னால் யாரோ குபுக்கென்று சிரித்துவிட்டான். அப்புறம் அத்தனை பேரும் சிரித்தார்கள். அலோய்ஸ் மட்டும் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். நான்காம் நாள் அவளுடைய கருவிப் பெட்டியைத் தானே சுமந்து வந்தான். அதற்குப் பிறகு பதினான்கு வருடம், ஐந்து சுரங்கம், அவன் ஓட்டுவான், அவள் வழி சொல்வாள். ஐந்திலும் எந்திரம் போய்ச் சேர வேண்டிய இடத்தில்தான் போய்ச் சேர்ந்தது. ஆயிரம் மீட்டர் குருட்டு மண்ணுக்குள் போய், அடுத்த நிலையத்துச் சுவரில் கட்டை விரல் அகலத்துக்குள் முகத்தைக் காட்டும். அது எப்படிப்பட்ட வித்தை என்று அவளிடம் கேட்டால், "கூட்டல் கழித்தல்தான்" என்பாள். அடேங்கப்பா, அந்தக் கூட்டல் கழித்தல் நமக்கு வந்தால் தெரியும்.

ஆறாவது சுரங்கத்தில்தான் நான் சொல்ல வந்த விஷயம் நடந்தது.

நவம்பர் கடைசி. ஆயிரத்து நூறு மீட்டர் சுரங்கத்தில் எழுபது மீட்டர் மிச்சம். அந்த எழுபது மீட்டருக்கு மேலே, தெருவில், பதினாலாம் நம்பர் வீடு நிற்கிறது. போர்க்காலத்தில் சுற்றுவட்டாரம் முழுக்கத் தரைமட்டமானபோது தப்பி நின்ற செங்கல் கட்டடம். நாற்பது குடும்பம் அதில் இருக்கிறது. அதைத் தாண்டினதும் புது நிலையத்தின் கான்கிரீட் சுவர். அந்தச் சுவரில் எந்திரம் நுழைய வேண்டிய வட்டத்தில் மட்டும் இரும்புக் கம்பி போடாமல் கண்ணாடி நார்க் கம்பி போட்டிருப்பார்கள். அதை எந்திரத்தின் பற்கள் முறுக்கு மாதிரி நொறுக்கிவிடும். வட்டத்துக்கும் எந்திரத்துக்கும் இடைவெளி சுற்றிலும் ஐந்தே சென்டிமீட்டர். அதற்கு மேல் விலகினால் பற்கள் இரும்பில் போய் இடிக்கும், எந்திரம் உதறும், மேலே இருக்கிற ஈர மணல் இறங்கும். மணல் இறங்கினால் பதினாலாம் நம்பர் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒரு நாளைக்குப் பதினான்கு மீட்டர் என்று போனால் ஐந்தாம் நாள் டிசம்பர் நான்கு. சுரங்கக்காரர்களைக் காக்கிற புனித பார்பராவின் திருநாள். இதைவிடப் பொருத்தமாக ஒரு தேதி அமையுமா? மேலே பந்தல் போட ஆள் வந்தாயிற்று. பெரிய மனிதர்களுக்கெல்லாம் அழைப்பு போயாயிற்று. வேலைத்தளத்தின் டைரக்டர் செசாரி புது ஓவர்கோட்டு வாங்கிவிட்டார். சைலீசியாவிலிருந்து ஆட்களின் மனைவிமார், பிள்ளைகள், பித்தளை வாத்தியக் குழு வரைக்கும் ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று.

அன்றைக்கு மத்தியானம் போஷேனா சாப்பிட மேலே போகவில்லை. வழக்கமாகப் போவாள். மேலே மழை கொட்டிக்கொண்டிருந்தது, அளக்க வேண்டியதும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அலோய்ஸும் அவன் ஆட்களும் பலகையைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்க இன்ஜினியரம்மா, இன்னிக்காவது எங்களோட ஒரு வாய் சாப்பிடுங்க. என் பொண்டாட்டி செஞ்ச பிகோஸ். மூணு நாள் ஊறினது. வேணாம்னு சொல்றவங்கள அவ சும்மா விட மாட்டா."

புளித்த முட்டைக்கோசும் இறைச்சியும் ஒரு கண்ணாடி ஜாடி நிறைய. கையில் வாங்கினாள். நன்றாகச் சுட்டது. நவம்பர் குளிரில் அந்தச் சூடு உள்ளங்கைக்கு எவ்வளவு இதமாக இருந்தது! இரண்டு வாய் சாப்பிட்டாள். மூன்றாவது வாய்க்குக் கரண்டியைத் தூக்கினவள் அப்படியே நிறுத்தினாள்.

"அடுப்பு எங்க வச்சிருக்கீங்க? கீழ நெருப்பு கூடாதுல்ல?"

"அடுப்பு எதுக்கு? குழாய் இருக்கே!" என்றான் அலோய்ஸ். "மெஷின் சூட்ட இழுத்துக்கிட்டுத் திரும்பற தண்ணி. அந்தக் குழாய் மேல காலைல ஜாடிய வச்சா மத்தியானத்துக்குக் கொதி வந்துரும். கையுறை காயப் போடறது, சாக்ஸ் காயப் போடறது எல்லாம் அதுலதான். எங்களுக்கு அதுதான் சமையலறை, அதுதான் சலவைக்காரி."

எல்லாரும் சிரித்தார்கள். போஷேனா சிரிக்கவில்லை.

வலது பக்கச் சுவர். அந்தக் குழாய் முன்பு இடது பக்கம் இருந்தது. அக்டோபரில், தோண்டிய மண்ணை வெளியே கொண்டுபோகிற ரப்பர் பட்டையைச் சரி செய்தபோது வலது பக்கம் மாற்றினார்கள். அவளுடைய கருவிகள் எல்லாம் மாட்டியிருப்பதும் வலது பக்கச் சுவரில்தான். ஒழுங்காகப் பார்த்தால் ஒன்று வலம், ஒன்று இடம் என்று மாறி மாறி மாட்ட வேண்டும். இடது பக்கம் பட்டை ஓடுவதால் ஏணி வைக்கத் தோதில்லை என்று எல்லாவற்றையும் ஒரே பக்கம் மாட்டிவிட்டாள். பாதி அவசரம், பாதி சோம்பல். 'ஐந்து சுரங்கம் பார்த்தாயிற்று, இதில் என்ன வந்துவிடப் போகிறது' என்கிற எண்ணமும் கொஞ்சம். உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் அல்லவா?

ஜாடியைக் கீழே வைத்துவிட்டுப் போய், கையுறையைக் கழற்றி, குழாயைத் தொட்டாள். ஒன்றரை மாதமாகத் தினமும் அதைக் கடந்து போயிருக்கிறாள். வெறும் கையால் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. சுட்டது.

கோடை வெயிலில் தார் ரோட்டைப் பார்த்தால் தூரத்தில் தண்ணீர் நிற்கிற மாதிரி தெரியுமே, அதே சமாச்சாரம்தான். சூடான காற்றுக்குப் பக்கத்தில் வெளிச்சம் நேராகப் போகாது, வளையும். புறப்பட்ட நிலையத்திலிருந்து எந்திரம் வரைக்கும், கருவிக்குக் கருவி வெளிச்சமாகப் போகிற அவளுடைய கோடு அந்தச் சூட்டை ஒட்டியே வந்திருக்கிறது. கோடு கண்ணுக்கு நேராகத் தெரியும். உண்மையில் வளைந்திருக்கும். வாராவாரம் சரிபார்த்தாளே என்றால், சரிபார்த்ததும் அதே சுவரை ஒட்டித்தான். ஒரே பொய்யை இரண்டு தடவை கேட்டுவிட்டு, 'ரெண்டும் ஒத்துப் போகிறது' என்று சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

குழாயிலிருந்து கையை எடுத்தாள். "அலோய்ஸ்," என்றாள், "மெஷின நிறுத்துங்க."

"சாப்பிட்டு முடிச்சுட்டு..."

"இப்பவே. ஒரு அடி நகரக் கூடாது."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கேள்வி கேட்காமல் எழுந்து போனான். இரண்டு நிமிடத்தில் சத்தம் நின்றது. அத்தனை மாதமாகக் காதில் இருந்துகொண்டே இருந்த இரைச்சல் போனதும் எங்கோ தண்ணீர் சொட்டுவது கேட்டது.

கால் மணி நேரத்தில் செசாரி புது ஓவர்கோட்டோடு கீழே இறங்கி ஓடி வந்தார். எவ்வளவு கோபம் வந்தாலும் பெயருக்கு முன்னால் 'பானி', 'பான்' என்று அம்மா, ஐயா போட்டுத்தான் இந்த ஊரில் பேசுவார்கள்.

"பானி போஷேனா, என்ன விளையாட்டு இது? யாரக் கேட்டு நிறுத்தினீங்க?"

"கோடு தப்பா இருக்கலாம் பான் செசாரி."

"இருக்கலாமா? இருக்கா?"

"தெரியாது. அளந்தாத்தான் தெரியும். பாலிடெக்னிக்ல ஒரு கருவி இருக்கு. அது வெளிச்சத்த நம்பாது, பூமி சுத்தறத வச்சு வடக்கு எதுன்னு சொல்லும். ஆனா பக்கத்துல ஒரு அதிர்வுகூட இருக்கக் கூடாது. ரெண்டு நாள் குடுங்க."

"ரெண்டு நாளா!" அவர் குரல் சுரங்கம் முழுக்க எதிரொலித்தது. "ஈர மணல்ல மெஷின ரெண்டு நாள் நிறுத்தினா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் பாடம் எடுக்கணுமா? மண்ணு இறுகிப் பிடிச்சுக்கும். அப்புறம் நாம எல்லாரும் சேர்ந்து தள்ளுவோமா? மேல பந்தல் போட்டாச்சு. பார்பரா நாளுக்கு ஆட்களோட குடும்பம் கிளம்பி வருது. நீங்க பாட்டுக்கு ஒரு ஜாடி முட்டைக்கோச வச்சு..."

"ஜாடி சுடுது, நீங்களே தொட்டுப் பாருங்க."

அவர் தொடவில்லை. ஆனால் அவர் கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். சொன்னதில் நியாயமும் இருந்தது. நின்ற எந்திரம் மாட்டிக்கொள்வது உண்டு. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இப்படிப் பண்ணலாம். மெஷின் பாட்டுக்கு ஓடட்டும். நீங்க பின்னால அளந்துக்கிட்டே வாங்க. தப்பு தெரிஞ்சா திருப்பிக்கலாம். யாருக்கும் ஒண்ணும் தெரிய வேணாம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

இதுதான் அவளுக்குக் கஷ்டமான இடம். ஒரு தலையசைப்பு போதும். ஐந்து சுரங்கத்துப் பேர் அப்படியே இருக்கும். அளந்து பார்த்துத் தப்பே இல்லை என்று வந்தாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள். இப்போது நிறுத்திவிட்டுத் தப்பில்லை என்று தெரிந்தால்? 'முட்டைக்கோசைப் பார்த்து மெட்ரோவை நிறுத்தியவள்' என்று ஊர் சாகும்வரை சொல்லும். தப்பு இருக்கிறது என்று தெரிந்தால் அதைவிட மோசம். அது அவளுடைய தப்பு. இரண்டு பக்கமும் அடி.

"திரும்பறதுக்கும் இடம் வேணும் பான் செசாரி. மீட்டருக்கு மூணு மில்லிமீட்டருக்கு மேல இவ திரும்ப மாட்டா. எவ்வளவு தப்புன்னே தெரியாம, திருப்பறதுக்கு இருக்கற இடத்தையும் தின்னுட்டு நிக்க நான் தயாரா இல்ல. மேல நாற்பது குடும்பம் இருக்கு."

"அப்ப எழுதிக் குடுங்க. உங்க பேர்ல."

எழுதினாள். இந்த நாட்டில் ஒவ்வொரு கட்டுமானத்துக்கும் ஒரு தளப் பதிவேடு உண்டு. பக்கங்களுக்கு எண் போட்டு, முத்திரை குத்திக் கொடுப்பார்கள். அதில் எழுதியதைக் கிழிக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. கட்டடம் நிற்கிற வரைக்கும் அதுவும் நிற்கும். போஷேனா ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு எழுதினாள்: 'சுரங்கத்தின் திசை சந்தேகத்துக்குரியது. எந்திரத்தை நிறுத்தச் சொன்னது நான். காரணம் என் அளவைப் பிழையாக இருக்கலாம்.' கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு நாள். பன்னிரண்டு இடத்தில் கருவியை வைத்து, ஒவ்வொரு இடத்திலும் நாற்பது நிமிடம் காத்திருந்து, எல்லாவற்றையும் இரண்டு தடவை. கருவி வேலை செய்யும்போது பக்கத்தில் நடக்கக்கூடக் கூடாது. அலோய்ஸ் விளக்கைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றான். மீசைக்குள் தும்மல் வந்தபோது மூக்கைப் பிடித்துக்கொண்டு கண் சிவந்து நின்றானே தவிர, தும்மவில்லை.

"இன்ஜினியரம்மா," என்றான் ஒரு இடைவேளையில், "பசங்க என்னென்னமோ பேசறானுங்க. பொம்பளைய விட்டது தப்புன்னு புதுசா வந்தவன் ஒருத்தன் சொன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பல்லு எத்தன வேணும்னு கேட்டேன்."

"அடிச்சுடாதீங்க அலோய்ஸ். அவன் சொல்றது ஒரு வகைல சரிதான். தப்பு பண்ணினது பொம்பளைதான்."

"தப்புன்னு இன்னும் தெரியலயே."

"எனக்குத் தெரிஞ்சுடுச்சு" என்றாள். அவள் பக்கத்துக் காகிதத்தில் எண்கள் வரிசையாக இருந்தன, அவை எல்லாமே ஒரே பக்கம் சாய்ந்துகொண்டிருந்தன.

அன்று சாயங்காலம் சமையலறையில் விட்டோல்டு லிப்டு நகைச்சுவையைச் சொல்ல வாயெடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேநீர் வைத்தான். "எவ்வளவு?" என்று மட்டும் கேட்டான். அவள் இரண்டு விரலை மேஜை மேல் விரித்துக் காட்டினாள். போதவில்லை. மொத்தக் கையையும் விரித்துக் காட்டினாள்.

பத்தொன்பது சென்டிமீட்டர். இடது பக்கம்.

மறுநாள் செசாரியின் அறையில் காகிதத்தை வைத்தாள். அவரும் இன்ஜினியர்தான், கணக்கு போடத் தெரியும். எழுபது மீட்டரில் இருபத்தொரு சென்டிமீட்டர் திருப்பலாம். சரியாகிவிடும். இரண்டு நாள் ஓட்டியிருந்தால் நாற்பத்திரண்டு மீட்டர்தான் மிஞ்சியிருக்கும். அதில் பன்னிரண்டரைதான் திருப்ப முடியும். மிச்சம் ஆறரை, இடைவெளி ஐந்து. அவர் பென்சிலைக் கீழே வைத்தார். ஓவர்கோட்டைக் கழற்றினார். கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகப் பதினாலாம் நம்பர் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது மாடியில் யாரோ துணி உதறினார்கள்.

"அறிக்கைல 'கருவிக் கோளாறு'ன்னு போட்டுக்கலாம் பானி போஷேனா. யாரும் கேக்க மாட்டாங்க."

"கருவி என்ன பாவம் பண்ணுச்சு? அது நான் காட்டின பக்கம்தான் பாத்துது." 'அளவைப் பொறுப்பாளரின் பிழை' என்றே எழுதினாள். அதற்கு ஒரு எழுத்துமூலக் கண்டிப்பும் வந்தது, வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டாள்.

எந்திரம் மாட்டிக்கொள்ளவில்லை. அலோய்ஸ் முதல் முறை விசையைத் திருப்பியபோது உறுமிக்கொண்டு நின்றது, இரண்டாம் முறையும் நின்றது, மூன்றாம் முறை நகர்ந்தது. கருவிகளை இடதும் வலதுமாக மாற்றி மாட்டினாள். பட்டை மேல் பலகை போட்டு, அதன் மேல் ஏணி வைத்துத்தான். ஒரு நாளைக்குப் பத்தே மீட்டர், மில்லிமீட்டர் மில்லிமீட்டராக வலது பக்கம். டிசம்பர் நான்காம் தேதி மேலே பந்தல் காலியாக நின்றது. பெரிய மனிதர்கள் வரவில்லை. பித்தளை வாத்தியக் குழு வந்துவிட்டது, டிக்கெட் எடுத்தாயிற்றே. சும்மா திரும்புவானேன் என்று சுரங்கத்துக்குள்ளேயே இறங்கி எந்திரத்துக்குப் பின்னால் நின்று ஊதினார்கள். இவர்களுடைய திருநாளை நான் கெடுத்துவிட்டேன் என்று போஷேனாவுக்கு மனசு ஆறவே இல்லை.

எட்டாம் தேதி காலை பத்தே முக்காலுக்கு நிலையத்துச் சுவரில் முதல் விரிசல் விழுந்தது. கான்கிரீட் பொரிந்து உதிர்ந்தது. வட்டத்துக்குள், நன்றாக நடுவில், எந்திரத்தின் சேறு பூசிய முகம் சுற்றிக்கொண்டே வெளியே வந்தது. கூட்டம் 'ஹோ' என்று கத்தியது. போஷேனா கத்தவில்லை. புழுதி அடங்கும் முன்பே டேப்பை எடுத்துக்கொண்டு போய் இடைவெளியை அளந்தாள். மேலே, கீழே, இடது, வலது. அப்புறம் ஒரு சிமெண்டு மூட்டை மேல் உட்கார்ந்து, தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஓவென்று அழுதாள். செசாரி பக்கத்தில் வந்து, என்ன செய்வதென்று தெரியாமல், தன் கைக்குட்டையை நீட்டினார்.

"எவ்வளவு விலகல்?" என்று கேட்டார்.

"இருபத்தொரு மில்லிமீட்டர்" என்றாள் மூக்கைச் சிந்திக்கொண்டு.

ஒன்றரை வருடம் கழித்துப் புது வழித்தடம் திறந்தார்கள். முதல் நாள் எல்லாருக்கும் இலவசம். இலவசம் என்றால் கேட்க வேண்டுமா, எள் போட்டால் விழாத கூட்டம். போஷேனா விருந்தாளிகள் வரிசையில் போகவில்லை, எல்லாரோடும் சேர்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு எதிரே அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. நீல நிறத் தொப்பி, பக்கத்து இருக்கையில் ஆளுக்குப் பதிலாகக் கடைப் பை. இந்த ஊர் மக்களுக்கே உரிய குறை சொல்லும் உற்சாகத்தோடு அவர் அடுத்த ஆளிடம் பேசிக்கொண்டு வந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆபீசுக்கு ஒன்பது நிமிஷம். டிராம்ல நாற்பது ஆகும். ஆனா பார்பரா நாளைக்கே தோண்டி முடிக்க வேண்டியது. நாலு நாள் இழுத்தடிச்சாங்க, தெரியுமா? கீழ வேல பாத்த பொம்பளை ஒருத்திக்குத் திடீர்னு பயம் வந்துருச்சாம். மெஷின நிறுத்திப்புட்டாளாம்."

போஷேனா சும்மா இருந்திருக்கலாம். அடுத்த நிலையம் வர இரண்டு நிமிடம்தான்.

"அந்தப் பொம்பளை நான்தாங்க" என்றாள்.

அந்த அம்மாள் ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களா? அப்ப உங்ககிட்டயே கேக்கறேன். நான் பதினாலாம் நம்பர்ல குடியிருக்கேன், மூணாவது மாடி, முப்பத்தொரு வருஷமா. நீங்க தோண்டினது எங்க வீட்டுக்கு நேர் கீழ. என் அலமாரில இருக்கற கண்ணாடிக் கோப்பைங்க ஒரு சத்தம் போடல. சுவத்துல தலைமுடி அளவுக்கு ஒரு கீறல் விழல. ஒண்ணுமே ஆகலையே! அப்புறம் எதுக்கு நிறுத்தினீங்க?"

"ஒண்ணும் ஆகாம இருக்கத்தான் நிறுத்தினேன்."

ரயில் சீராக ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே சுரங்கச் சுவர் சாம்பல் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது, அதன் மேலே அந்த அம்மாளின் வீடு நின்றுகொண்டிருந்தது. அவர் ஒரு தடவை மேலே அண்ணாந்து பெட்டியின் கூரையைப் பார்த்தார். பிறகு பக்கத்து இருக்கையிலிருந்த கடைப் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"உக்காருங்கம்மா," என்றார். "எவ்வளவு நேரமா நின்னுக்கிட்டு வர்றீங்க."